முற்பணம் வாங்கியவனின் வீடு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பத்தாம் வகுப்புப் படித்தவர்கள் எத்தனை பேர் என்னிடம் வேலை கேட்டு வந்து நின்றார்கள் என்பது நிலாவெளிக் கரைக்குத் தெரியும். பதினாறு வயதில் மற்றவனுடைய கரைவலைக் கயிற்றை இழுத்தேன். முப்பத்தொரு வயதில் சொந்த வலை, சொந்தத் தோணி. இரண்டு தென்னந்தோட்டங்களுக்கு இடைப்பட்ட கரையில் வலை வளைக்கிற உரிமை என் பெயரில் இருந்தது. வலைக்குச் சொந்தக்காரனை எங்கள் பக்கத்தில் சம்மாட்டி என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருவரும் எனக்கு இதைத் தூக்கித் தரவில்லை. தகப்பன் விட்டுப் போனது ஒரு கிழிந்த வீச்சுவலையும் மூச்சு இழுப்பு வருத்தமும்தான். இரண்டாவது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அப்படிப்பட்ட என்னை ஒருவன் ஏமாற்றினான் என்று எழுதக் கை கூசுகிறது. இத்தனை நாளும் எழுதவில்லை, வெளியூராருக்குச் சொல்லவும் இல்லை. போன மாதம் எங்கள் தெருவில் ஒருவர், வீடு கட்டக் கடன் எடுத்துத் தருகிற ஆளுக்குச் "சின்னச் செலவு" கட்டியிருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். அதே சொல்லை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் விட்ட பிழை விளங்காது.

தோணியில் கொண்டுபோய் வளைத்துக் கரையிலிருந்து இழுக்கிற கரைவலைக்கு முப்பது பேர் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும். கடலில் ஒன்றும் செய்ய ஏலாது. வலை கரைக் கொட்டிலான வாடியில் தொங்கும், ஆட்கள் கூலி வேலைக்குப் போவார்கள். மாசியில் கடல் தணியும். அதற்கு முன்னால் சம்மாட்டி ஒவ்வொருவனுடைய கையிலும் முற்பணம் வைக்க வேண்டும். வாங்கியவன் அந்தப் பருவம் முழுவதும் என் கயிற்றைத்தான் இழுப்பான். மற்றக் கயிற்றைத் தொடமாட்டான். கடதாசி இல்லை, கையெழுத்து இல்லை. காசு கை மாறியது என்றால் ஆள் கட்டுப்பட்டான். எங்கேயாவது ஒருவன் இரண்டு இடத்தில் வாங்கினால், ஆட்களுக்குத் தலைவரான மண்டாடி அவனுடைய வீட்டுக்குப் போய் வாசலில் குந்துவார். ஒன்றும் பேசமாட்டார். தெரு பார்க்கும். மத்தியானத்துக்குள் காசு திரும்பி வரும், இல்லையென்றால் ஆள் திரும்பி வருவான். நானும் அப்படிக் கட்டுப்பட்டுக் கிடந்தவன்தான். இருபது வயதில் குளிர்காய்ச்சலோடு கயிறு இழுத்தேன், முற்பணம் வாங்கிவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக.

நான் ஏமாந்தது, எழுபத்தேழில் புது அரசாங்கம் வந்து வெளிநாட்டுச் சாமான் தாராளமாக இறங்கத் தொடங்கிய காலத்தில். இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளைத் துறைமுகப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வங்கிக்குப் போனேன். மாதச் சம்பளம் எடுக்கிற அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பழக்கமான அரசாங்க உத்தியோகத்தர் எங்கள் தபால்காரர் ஒருவர்தான். அவருக்கே நான்தான் கைமாற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாரியில், ஒரு மழை நாள், வாடகைக் கார் ஒன்று வாடிக்கு முன்னால் வந்து நின்றது. வெள்ளை நீளக்கைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை. நாற்பது வயதிருக்கும். காலணியைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். வாடிக்குள் யாராவது காலணி கழற்றுவார்களா? அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

"முதலாளி, உங்களைத் தேடித்தான் வந்தனான்" என்றான்.

அதுவரைக்கும் என்னை ஒருவரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை.

கொழும்பில் ஒரு கம்பனியாம். வெளிநாட்டுக் காசாம். மீன்பிடித் தொழிலை உயர்த்தக் கடன் கொடுக்கிறார்களாம். படகும் இயந்திரமும் நைலோன் வலையும் சேர்த்து எனக்கு நாற்பதாயிரம் ரூபாய். ஐந்து வருஷத்தில் மெல்ல மெல்லக் கட்டலாம்.

"பிணை?" என்று கேட்டேன்.

"உங்களைப் போல ஆளுக்கு என்னத்துக்குப் பிணை? உங்கட பேர்தான் பிணை. ஆனால் ஒண்டு சொல்லவேணும். இந்தக் கரைக்கு ரெண்டு பேருக்குத்தான் ஒதுக்கி இருக்கு. வடக்குப் பக்கத்துச் சம்மாட்டி முந்தநாளே கட்டிப்போட்டார்."

வடக்குப் பக்கத்துச் சம்மாட்டிக்கும் எனக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சு இல்லை. எல்லைக் கல் ஒன்றைப் பற்றிய சண்டை. அரை மைல் தூரம்தான். அவர் மீன் விற்கிற குரல் காற்றில் எனக்குக் கேட்கும். அவர் இயந்திரப் படகில் போக, நான் துடுப்புத் தோணியில் பார்த்துக்கொண்டு நிற்பதா?

"எவ்வளவு கட்ட வேணும்?"

"படிவத்துக்கும் பதிவுக்கும் நூற்றைம்பது. சின்னச் செலவு."

அந்தக் காசை அவனுடைய கையில் வைத்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை உண்மையாகவே எழுதுகிறேன். சந்தேகம் வரவில்லை. நெஞ்சு லேசானது. வாங்கிவிட்டான், இனி இவன் என் ஆள் என்று நினைத்தேன். முப்பது பேரைப் பருவத்துக்குப் பருவம் கட்டிப்போட்ட கை இது. முற்பணம் கொடுப்பவன் பலமானவன், வாங்குபவன் கட்டுப்பட்டவன் என்றுதான் என் உடம்பு முழுக்கப் படித்து வைத்திருந்தது.

படிவம் இங்கிலீசில் இருந்தது. நான் அதை வாசிக்கிறவன் மாதிரி ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வேறு ஒருவரிடமும் காட்டவில்லை. காட்டினால் எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடுமே. ஊருக்கே அது தெரியும் என்பது வேறு கதை.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தான். வந்தானே, அதுதான் பெரிய பிசகு. ஓடிப்போயிருந்தால் நூற்றைம்பதோடு முடிந்திருக்கும். தட்டச்சடித்த கடிதம் ஒன்றை நீட்டினான். கீழே ஊதா நிறத்தில் வட்டமான முத்திரை. கடன் சரிவந்துவிட்டதாம். இனி முத்திரைச் செலவும் சட்டத்தரணி செலவும் மட்டும்தானாம். அறுநூறு.

வீட்டில் அலுமாரிக்குள் பிஸ்கட் தகரம் ஒன்றில் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய முற்பணக் காசு இருந்தது. என் மனைவி அலுமாரியைத் திறந்துவிட்டாள், நான் தகரத்தை எடுத்தபோது பின்னாலேயே நின்றாள்.

"அது பெடியளின்ர காசல்லோ?"

"ஓம். பத்து நாளில திரும்பி வந்திடும்."

"வராட்டி?"

"வாங்கினவன் எங்க போறது?"

அவள் அலுமாரிச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, எப்போதும் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பாள். அன்றைக்கு அதை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக் குசினிக்குள் போனாள். அதற்குப் பிறகு பல கிழமை அவள் அந்தத் திறப்பைத் தொடவே இல்லை. மேசையில் கிடந்தது. சாப்பிட இருக்கும்போதெல்லாம் என் கண்ணில் பட்டது.

பத்து நாள் போனது. பதினைந்து போனது. பொங்கல் வந்து போனது. தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் வேலியடிக்குப் போய் நிற்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் நின்று, "ஆரிட கடிதத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? எனக்குத் தந்த காசைத் திருப்பிக் கேக்கத்தான் நிக்கிறீங்களோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன்.

எனக்கு விளங்காத ஒரு காரியம் அந்த வருஷம் நடந்தது. தை பிறந்தால் நான் விடிய எழும்பிக் கடலைத்தான் பார்ப்பேன். அலை ஒரு முழம் குறைந்தால் எனக்கு ஒரு முழம் சந்தோஷம். அந்த வருஷம் கடல் தணியத் தணியப் பயம் கூடியது. இன்னும் ஒரு கிழமை காற்றடிக்க வேண்டும் என்று வேண்டினேன். ஒரு சம்மாட்டி வேண்டுகிற வேண்டுதலா அது? கடல் திறந்தால் முற்பணம் கொடுக்க வேண்டும். தகரத்தில் இருந்த காசு முப்பது பேருக்குப் போதாது. முற்பணம் இல்லையென்றால் ஆட்கள் வேறு கயிற்றுக்குப் போவார்கள். ஆள் இல்லாத வலை வெறும் நூல். ஒரு பருவம் வளைக்காமல் விட்டால் கரை உரிமையைக் கேட்டு நாலு பேர் அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போவார்கள். பதினைந்து வருஷம் கயிறு இழுத்துச் சேர்த்தது எல்லாம் அந்தத் தகரத்துக்குள் போய் நின்றது.

மண்டாடி வந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கடலைத் தவிர வேறு ஒன்றைப் பற்றியும் பேசாத மனிதர்.

"நீரோட்டம் திரும்பிட்டுது, சம்மாட்டி. பெடியள் கேக்கிறாங்கள்."

"இந்தக் கிழமை முடியட்டும். சின்ன அலுவல் ஒண்டு கிடக்கு."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள்."

"சொன்னால் என்ன? நான் எப்பவாவது குடுக்காமல் விட்டனானோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார். ஆனால் போகும்போது தொங்குகிற வலையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த நாள் அந்த ஆளிடமிருந்து செய்தி வந்தது. பட்டணத்தில் நிற்கிறானாம், உடனே வரட்டாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மேல்மாடியில் ஆட்கள் தங்குகிற ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்குப் பின்னால், பட்டணத்துத் தெருக்களில் ஆடு மாதிரித் திரிகிற மான்கள் இரண்டு வாழையிலை தின்றுகொண்டு நின்றன. அவன் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னையும் இருத்திச் சாப்பாடு எடுப்பித்தான்.

"முதலாளி, காசோலை எழுதி மேசையில கிடக்கு. என்ர கண்ணால பாத்தனான். ஒரு காப்புறுதிக் காசு மாத்திரம் கட்ட வேணும். ரெண்டாயிரம். படகு கடலில போறதல்லோ, காப்புறுதி இல்லாமல் தரமாட்டாங்கள். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டாட்டி உங்கட பங்கை வேற ஊருக்கு மாத்திப்போடுவாங்கள்."

"வடக்குப் பக்கத்தார்?"

"அவர் காப்புறுதியும் கட்டிப்போட்டார்."

சோற்றைத் தள்ளி வைத்தேன். அன்றைக்குத் திங்கட்கிழமை. எழுநூற்றைம்பது போய்விட்டது. இப்போது நிறுத்தினால் அது போனதுதான். இன்னும் இரண்டாயிரம் போட்டால் எல்லாம் திரும்பி வரும். இதை எழுதும்போது எவ்வளவு மடத்தனமாக இருக்கிறது! அங்கே இருந்தபோது அது கணக்கு மாதிரி நேராக இருந்தது. இந்த மாதிரி ஆட்கள் முதலில் பெரிதாகக் கேட்பதில்லை. முதலில் போனதை மீட்கத்தான் நாம் இரண்டாவதைக் கட்டுகிறோம், இரண்டாவதை மீட்க மூன்றாவதை.

இரண்டாயிரத்துக்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வலை.

செவ்வாய்க்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே என் கருவாட்டை வாங்குகிற வியாபாரி ஒருவர் இருந்தார். முஸ்லிம். அண்ணன் முறையில் நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். பருவத்துக்கு முன்னால் தேவைப்பட்டால் காசு தருவார், பிறகு கருவாட்டில் விலை குறைத்து எடுத்துக்கொள்வார். பத்து வருஷப் பழக்கம். துறையில் வாகனம் ஏற்றுகிற மிதவை, அதைத்தான் பாதை என்போம், அக்கரையில் நின்றது. இந்தப் பக்கம் வர ஒரு மணித்தியாலம். நெல் மூட்டை வண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில் நின்று, அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் பொய் மாதிரியே கேட்டது. தண்ணீர் கலங்கலாக ஓடியது. நிற்க ஏலாமல் ஒரு மூட்டையில் இருந்தேன். வண்டிக்காரன், "அண்ண, நெல்லு நசியும்" என்று எழுப்பிவிட்டான்.

கடையில் காக்கா தராசுக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். வலையை வைத்து இரண்டாயிரம் வேண்டும் என்றேன்.

"வலையையா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "மாசி பிறக்கப் போகுது. வலைய எனக்கிட்ட வெச்சிட்டு நீங்க கடல்ல என்னத்த வளைக்கப் போறீங்க, இடுப்புல கட்டின சாரத்தையா?"

"பத்து நாள்தான், காக்கா. பெரிய காசு ஒண்டு வருகுது."

"எங்கேருந்து?"

சொல்லிவிட்டேன். கம்பனி, நாற்பதாயிரம், படிவம், சட்டத்தரணி, காப்புறுதி, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவில்லை. ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து வால் பக்கத்தை முறித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "நான் உங்களுக்குச் சல்லி தந்தா என்ட பங்க எப்ப எடுக்கிறன்?" என்றார்.

"கருவாடு வந்த பிறகு."

"அதுக்கு முதல்ல ஒரு சதம் கேட்டிருக்கனா?"

"இல்லை."

"ஏன் கேக்கல்ல? நான் அவ்வளவு நல்லவனா?"

அவர் கருவாட்டுத் துண்டைத் தராசில் போட்டார்.

"உங்ககிட்ட இல்லண்டுதானே என்கிட்ட வாறீங்க. இல்லாதவன்கிட்ட முதல்ல சல்லி கேக்கிறவன் கடன் குடுக்க வந்தவனா, எடுக்க வந்தவனா? அப்பிடி ஒரு செலவு இருந்தாலும் தாறதுல பிடிச்சிட்டுத் தரலாமே."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் அவர் சொல்வது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம். "காக்கா, உங்களுக்கு எங்கட தொழில் தெரியாது. அவன் என்னட்ட முற்பணம் வாங்கிப்போட்டான். ஒருக்காவில்லை, ரெண்டுதரம். வாங்கினவன் கட்டுப்பட்டவன்."

காக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவன்ட வீடு எங்க?" என்றார்.

"கொழும்பில."

"கொழும்புல எங்க?"

நான் தராசைப் பார்த்தேன்.

"உங்கட ஆள் முற்பணம் வாங்கினா அவன்ட வீடு உங்களுக்குத் தெரியும், பொண்டாட்டி தெரியும், எந்தக் கடையில தேத்தண்ணி குடிக்கிறாண்டு தெரியும். அதாலதான் கட்டுப்படுறான். உங்கட மண்டாடி போய்க் குந்துறதுக்கு ஒரு வாசல் வேணுமே."

என் முப்பது பேரை நான் கட்டிப்போட்டது காசால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும்.

"வலைக்கு சல்லி தரமாட்டன்" என்றார் காக்கா. "கோவிக்காதீங்க. தேத்தண்ணி தாறன்."

தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்காகப் பிறகு ஒரு நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்ட ஆட்கள் மிகக் குறைவு.

காக்கா சொன்னது பாதிதான். மிச்சத்தைத் திரும்பி வருகிற பாதையில் நானே யோசித்தேன். அந்த அளவுக்கு மூளை எனக்கு இருந்தது. ஆனால் இன்னும் ஒரு ஆசையும் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். அவன் உண்மையான ஆளாக இருந்தால்? நான் சந்தேகப்பட்டதால் நாற்பதாயிரம் வேறு ஊருக்குப் போனால்? அந்த ஆசைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை காலை மண்டாடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுநூற்றைம்பது என்றதும் அவர் கடலைப் பார்த்தார். பிறகு, "இப்ப நான் என்ன செய்ய வேணும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு பையில் மாற்றுச் சாரமும் துவாயும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

சாப்பாட்டுக் கடையில் அவன் எங்களுக்காகக் காத்திருந்தான். முகம் மலர்ந்து எழும்பினான்.

"ரெண்டாயிரம் வேண்டாம்" என்றேன். "அதுக்குப் பதில் நாலாயிரமாகவே கடனில கழிச்சுப்போட்டு முப்பத்தாறாயிரம் தாங்கோ. கையெழுத்து இப்பவே வைக்கிறன்."

ஒரு கணம்தான். அவனுடைய கண் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு முகத்துக்கு வந்தது. கடன் கொடுக்கிறவனுக்கு இரண்டாயிரத்துக்குப் பதில் நாலாயிரம். அதைக் கேட்டு அவன் சந்தோஷப்படவில்லை.

"கம்பனி ஒழுங்கில அதுக்கு இடமில்லை, முதலாளி."

"சரி. காசு தாறன். ஆனால் எங்கட வழக்கம் ஒண்டு இருக்கு. முற்பணம் வாங்கிறவன்ர வாசலை மண்டாடி பாக்க வேணும். இவர் இண்டைக்கு உங்களோட கொழும்புக்கு வாறார். உங்கட வீட்டு வாசலில வைச்சு ரெண்டாயிரத்தையும் தருவார்."

மண்டாடி பையைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் ஒரு சதம்கூட இல்லை, சாரமும் துவாயும்தான். "நான் பஸ்ஸில சத்தி, வாந்தி ஒண்டும் எடுக்கமாட்டன். பயப்பிடாதேங்கோ" என்றார்.

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. "அதுக்கென்ன, வரட்டும். மேல போய் உடுப்பை எடுத்துக்கொண்டு வாறன். இதைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்துவிட்டுப் படியேறினான்.

அந்த உறை மேசையில் இருக்கும்வரை எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒரு தேநீர் குடித்தோம். இரண்டாவதும் குடித்தோம். மூன்றாவதைக் கொண்டுவந்த சமையற்காரர், "ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்? அந்த வெள்ளைச் சட்டைக்காரரையோ? அவர் குசினிப் பக்கத்தால அப்பவே போயிட்டாரே. மூண்டு நாள் சாப்பாட்டுக் காசு நிக்குது. நீங்கள்தானே கூட்டாளிகள், தாங்கோவன்" என்றார்.

உறையைத் திறந்தோம். எழுதாத படிவங்கள் ஒரு கட்டு. நடுவில் கையெழுத்து வைத்த இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றதில் இருந்த வளைந்த கையெழுத்தை எனக்கு வாசிக்கத் தேவையில்லை. மீன் ஏலத்தில் பதினொரு வருஷம் பார்த்த கையெழுத்து.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். பெயர் கேட்டார்கள், சொன்னோம். அந்தப் பெயரே அவனுடையதுதானா என்று கேட்டார்கள்.

அன்று பின்னேரம் பதினொரு வருஷத்துக்குப் பிறகு எல்லைக் கல்லைத் தாண்டி வடக்குப் பக்கம் நடந்தேன். அவருடைய வாடியில் வலை தொங்கியது. ஆனால் தோணி நிற்கிற இடத்தில் மணலில் ஒரு நீளப் பள்ளம் மட்டும்தான் இருந்தது. அவர் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தார். படிவத்தை நீட்டினேன். வாங்கி, பார்த்து, மடித்து, மடியில் வைத்தார்.

"தோணியை வித்துத்தான் காப்புறுதி கட்டினனான்" என்றார். "நீ கட்டிப்போட்டாய் எண்டு சொன்னான்."

"எனக்கும் அதையேதான் சொன்னவன்."

பேச என்ன இருந்தது? அரை மைல். ஒரு நாள், ஒருதரம், "நீ கட்டினியோ?" என்று கேட்டிருந்தால் போதும். நாங்கள் கேட்கமாட்டோம் என்பதை அவன் எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். கார் பிடித்து வந்து கரையில் முதலில் அதைத்தான் விசாரித்திருப்பான், யார் யாரோடு பேசுவதில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. இனித் தள்ள ஏலாது. முப்பது பேரும் வாடிக்கு வந்தார்கள். கடன் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று கடைசி நிமிஷம் வரைக்கும் யோசித்தேன். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சொல்லை யார் எனக்குச் சொன்னான் என்று நினைத்ததும் விழுங்கிவிட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பாதி முற்பணம்தான் இருக்கிறது, மிச்சம் முதல் மீன் விற்ற பிறகு என்றேன்.

பின்னால் ஒருவன், "வெள்ளிக்கிழமைக்குள்ளயோ, சம்மாட்டி?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. ஆறு பேர் எழும்பி, சாரத்து மணலைத் தட்டிவிட்டு, காசு வாங்காமலே தெற்குப் பக்கம் நடந்தார்கள். அவர்களில் மூன்று பேர் நான் வலை போட்ட முதல் நாளிலிருந்து என்னோடு நின்றவர்கள். மிச்சப் பேர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலு பேர் எழும்பினால் வலை எழும்பாது. எண்ணிக்கொண்டே நின்றேன்.

மண்டாடி முன்னால் வந்து கையை நீட்டினார். பாதியை வாங்கி மடியில் செருகினார்.

"மிச்சத்துக்கு எந்த வாசலில போய்க் குந்த வேணும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இருபத்துநாலு பேர். குறைந்த ஆட்களை வடக்குப் பக்கத்திலிருந்து எடுத்தேன். அவரிடம் வலை இருந்தது, தோணி இல்லை. என் தோணியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்குக் கொடுத்தேன். சும்மா இல்லை, பங்குக்குத்தான். ஆனாலும் கொடுத்தேன். அந்தப் பருவம் இரண்டு கரையும் பட்டினி கிடக்கவில்லை. இயந்திரப் படகை நான் வாங்கியது மூன்று வருஷம் கழித்து, என் சொந்தக் காசில்.

இப்போதும் யாராவது கடன் தருகிறேன் என்று வந்து, அதற்கு முன்னால் சின்னச் செலவு என்றால், நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். அதைத் தருகிறதில் கழித்துவிட்டுத் தருவாயா? உன் வீடு எங்கே? எங்கள் தெருக்காரரும் போன மாதம் போய்க் கேட்டார். பதில் இன்னும் வரவில்லை. அவர் தினமும் வேலியடியில் தபாலுக்கு நிற்கிறார். அந்த நிலை எனக்குத் தெரியும். கிட்டப் போகாமல் மற்றப் பக்கத்தால் நடந்துவிடுகிறேன்.

அந்தப் பருவத்து முதல் மீன் பங்குனி பிறந்து நாலாம் நாள் பட்டது. காசு கைக்கு வந்த மறுநாள் விடிய, நான் பல் விளக்கிக்கொண்டு வெளியில் வந்தால், மண்டாடி என் வாசற்படியில் குந்திக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. வேலிக்கு மேலால் அயலவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன இது, காலங்காத்தால?" என்றேன்.

"வழக்கம்தானே" என்றார்.

உள்ளேயிருந்து என் மனைவி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மேசையில் கிடந்த திறப்பை எடுத்து, அலுமாரியைத் திறந்து, தகரத்தை அவளே வெளியில் கொண்டுவந்தாள். கொடுத்து முடித்த பிறகு திறப்பைத் திரும்ப மேசையில் வைக்கவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு, குசினிக்குள் போனாள். முந்தி ஒரு முடிச்சுத்தான் போடுவாள்.